அம்மம்மாவின்ர முகம் ஏன் பச்சையடிச்சது?

இந்தக் கிழமை எபிசோட்டில பிரிண்டர்களைப் பற்றிக் கதைச்சம். சொல்லாமல் விட்ட கதை ஒன்று.

அம்மம்மாவின்ர 31ஆம் நாளுக்கு மொன்றியல் மண்டபத்தில கட்ட ஒரு பேனரை நானே சால்வென்ட் பிரிண்டரில அடிச்சன். ஸ்கிரீனில வடிவா இருந்த முகம், பேனரில பச்சையடிச்சுப்போச்சு. பிழை என்னுடையது: போட்டது பேனர் வைனில், தெரிவுசெய்த புரொஃபைல் ஸ்டிக்கர் வைனிலுக்கானது.

சால்வென்ட் மை வைனிலின் மேற்பரப்பை இளக்கி உள்ளே பிடிக்கும். ஒவ்வொரு மீடியாவும் தாங்கும் மை வேறு, அதன் வெள்ளையும் வேறு. எவ்வளவு மை, எவ்வளவு சூடு, எந்தக் கலவைக்கு எந்த நிறம் என்று சொல்லுறதுதான் புரொஃபைல். அந்த நிறக் கணக்கை எழுதப் பொது வடிவம் தந்தது, 1993இல் தொடங்கிய ஐசிசி அமைப்பு.

எங்கட மண்ணிறம் சியான், மஜென்டா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து வாறது. மஜென்டா கொஞ்சம் குறைஞ்சாலே முகம் பச்சையாகும். நீல லோகோவில அதே பிழை லேசில தெரியாது.

அதனால, மீடியா மாத்தினா புரொஃபைலையும் மாத்துங்கோ. முழுசா அடிக்க முதல், முகத்தை மட்டும் சின்னத் துண்டில அடிச்சு, காயவிட்டுப் பாருங்கோ.

இரண்டாந்தரம் அடிச்சதைப் பார்த்திட்டு அம்மா, “இதுதான் அவ” எண்டா.