ஹோல்டான் சொல்ல ஆளில்லாத இரவு

“வா... வா... வா... ரைட்ல ஒடிச்சு வா... ஸ்டேரிங்க நேராக்கு... வா... ஹோல்டான்!”

சென்னை கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையை ஒட்டிய தெருக்களில் விடியும் முன்பு ஓயாமல் கேட்ட குரல் இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா டாடா 407 லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறை விட்டால் கத்தரிக்காய் மூட்டைகளோடு நானும் ஏறிக்கொள்வேன். சந்துக்குள் வண்டி பின்வாங்கும்போது சித்தப்பா கண்ணாடியை அதிகம் பார்க்கமாட்டார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிளீனர் அண்ணன் கீழே குதித்து, வரலாம் என்றால் உள்ளங்கையால் பாடியை மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஓங்கி ஒரு அடி விழுந்தால் பிரேக். குழந்தை நிற்கிறதா, கூடை இருக்கிறதா, சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு அடியில் அடங்கிவிடும்.

வண்டியின் பின்னால் ரிவர்ஸ் லைட்டும் இருந்தது. சேறு படிந்த கண்ணாடிக்குள் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று; கடையில் ‘சிங்கிள் கான்டாக்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புதிதாக இருக்கும்போது அது தரும் ஒளி சுமார் 460 லூமென். ஹோல்டர் துருப்பிடித்து, ஒயர் நைந்து, மின்சாரம் பாதி வழியிலேயே சோர்ந்துபோன வண்டியில் அந்த அளவும் வராது. இஞ்சிமொறப்பா நிறத்தில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பின்னால் நிற்பவருக்கு ‘வண்டி வருகிறது, விலகு’ என்று சொன்னால் போதும். பார்க்கிற வேலைக்கு கிளீனரின் கண் இருந்தது.

1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை எல்இடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஷுஜி நகமுரா 1993-இல் செய்துகாட்டிய பிரகாசமான நீல எல்இடிதான் அதற்கு அடிப்படை. நீல ஒளியின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை கிடைத்துவிடுகிறது. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கோயம்பேட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த யாருக்கும் இதெல்லாம் அன்று தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்த மாற்றம் வேறு. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ‘குட்டி யானை’ என்று நம் ஊர் அதற்குப் பெயர் வைத்தது. அதன் பின்னாலேயே விதவிதமான பிக்கப்புகள் தெருவை நிறைத்தன. சின்ன வண்டி, சின்ன லோடு, சின்ன வாடகை. அதில் இரண்டு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. டிரைவரே ஓனர், அவரே கிளீனர். பாடியைத் தட்டிய கை சத்தமில்லாமல் காணாமல் போனது. அதற்குப் பதிலாக ரிவர்ஸ் ஹாரனில் சினிமாப் பாட்டு மெட்டு வந்தது. வண்டி வருவதைத் தெருவுக்கு அது சொல்லும். தெருவில் என்ன இருக்கிறது என்பதை டிரைவருக்கு யார் சொல்வது?

இன்று சித்தப்பா மகன் பிக்கப் ஓட்டுகிறான். போன வருடம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டியைக் கடை வாசலுக்குப் பின்வாங்கியிருக்கிறான். தார்ப்பாய் உயரத்துக்கு லோடு. நடுக்கண்ணாடியில் சாக்குதான் தெரியும். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் இருட்டு. என்னவோ தோன்றி நிறுத்தி இறங்கிப் பார்த்தால், காலிச் சாக்குகளை விரித்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். டயருக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழம். “பல்பு எரிஞ்சுதாண்ணே இருந்துச்சு. அவர் மேலயே வெளிச்சம் விழுந்திருக்கு. எனக்குத்தான் தெரியல” என்றான்.

மறுநாள் பல்பை எல்இடியாக மாற்ற அவன் ஒயரிங் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். எலக்ட்ரீஷியன் பெரியவர் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி விளக்கின் மூடியை எடுத்தார். உள்ளே குட்டைபோல் தண்ணீர் தேங்கியிருந்தது. பல்பை அழுத்தித் திருப்பி எடுத்ததும், ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு. புது எல்இடியை உடனே மாட்டவில்லை. உப்புத்தாளைச் சுருட்டி ஹோல்டரைத் தேய்த்தார். எர்த் ஒயரின் முனையை வெட்டி, சுரண்டி, சேஸிஸில் முறுக்கினார். “எர்த் சுத்தமா இல்லாம எந்த லைட்டப் போட்டாலும் அழுதுகிட்டுதான் எரியும், தம்பி.” பிறகுதான் எல்இடி. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் எதிர்ச் சுவரில் வெள்ளை வேட்டி விரித்ததுபோல் வெளிச்சம். சுவரின் கீறலில் ஊர்ந்த எறும்பு வரிசைகூடத் தெரிந்தது.

அந்தப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கை நம்பக்கூடாது; அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு வாட்டை உண்மையாகவே எரித்தால், அது கொஞ்ச நேரத்தில் வெந்துபோகும். எல்இடிக்குச் சூடு எமன். அதனால் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினிய உடம்பு இருக்கிறதா, கையில் கொஞ்சமாவது கனக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய விளக்கின் ரிஃப்ளெக்டர், இழை இருந்த இடத்தைக் கணக்குவைத்துச் செய்யப்பட்டது. எல்இடியின் சில்லுகள் அந்த இடத்தில் அமையாவிட்டால் நடுவில் பளீரென்று ஒரு பொட்டும் சுற்றிலும் இருட்டும்தான் மிஞ்சும். அழுத்திச் செருகும் வகையாக இருந்து, எரியவில்லை என்றால் குப்பையில் போடாமல் திருப்பிச் செருகிப் பார்க்கலாம். இழை பல்புக்கு இல்லாத பிளஸ், மைனஸ் எல்இடிக்கு உண்டு. அது போதாமல் பாடிக்குக் கீழே தனியாக லைட் மாட்டுவதானால் ரிலேயும் ஃபியூஸும் வைத்தே இழுக்க வேண்டும். கியர்பாக்ஸில் இருக்கும் சிறு ரிவர்ஸ் சுவிட்ச் அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

இந்தத் தனி லைட்டில்தான் வினையும் இருக்கிறது. சிலர் அதற்கு டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் முன்னோக்கிப் போகும்போதும் பின்னால் வெள்ளை வெள்ளமாக எரிகிறது. பைக்கில் வருபவர் கண் கூசி ஒரு நொடி தடுமாறுகிறார். எதிரே வண்டி வருகிறதா, இல்லை பின்வாங்குகிறதா என்று குழம்புகிறார். சாலையில் வண்டியின் பின்பக்கம் சிவப்பு. அங்கே வெள்ளை எரிந்தால் ஒரே பொருள்தான்: வண்டி பின்னால் வருகிறது. அந்தப் பொருளைக் கெடுத்துவிட்டு எத்தனை லூமென் போட்டும் புண்ணியமில்லை.

கார்களில் 2019 ஜூலை முதல் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகிவிட்டது. கேமராவும் பரவிவிட்டது, பிக்கப் டிரைவர்களும் வாங்கி மாட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கேமராவுக்கும் இருட்டில் வெளிச்சம் வேண்டும். மங்கிய பல்பை வைத்துக்கொண்டு மாட்டிய கேமராவில் இரவு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கோலம்தான் தெரிகிறது. அன்று கிளீனரின் கண்ணுக்குத் துணையாக இருந்த விளக்கு, இன்று டிரைவரின் கண்ணாகவே ஆகியிருக்கிறது. அதற்கு 460 லூமென் போதவில்லை என்று சொல்வது ஆடம்பரமில்லை.

தம்பி இப்போது எல்இடியோடு ஓட்டுகிறான். ஆனாலும் அந்த இரவுக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பின்வாங்குவதற்கு முன் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறான். போகிறபோக்கில் பாடியை ஒரு தட்டு தட்டுகிறான். யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துகொள்ளட்டும் என்று.

லைட்டை மாற்றுங்கள், நல்லதாகப் பார்த்து, எர்த்தைச் சுத்தம் செய்து மாற்றுங்கள். ஆனால் அந்த லைட் எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் ‘ஹோல்டான்’ என்று கத்தாது. அதனால் ரிவர்ஸ் கியர் போடும்முன் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடுங்கள்.