தண்டவாளம் வழியே ஒரு தேடல்

1986-இல் மத்தியப் பிரதேசத்தில் ரயிலில் தூங்கிப்போன 5 வயதுச் சிறுவன் கொல்கத்தா போய்ச் சேர்ந்தான். ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்திரேலியத் தம்பதி தத்தெடுத்தனர். அந்தச் சிறுவன்தான் சாரு பிரையர்லி.

வளர்ந்தபின் தானே துப்பறிந்தார். ரயிலில் இருந்த நேரத்தை அதன் வேகத்தால் பெருக்கி, கொல்கத்தாவிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வட்டம் போட்டார். கூகுள் எர்த்தில் தண்டவாளம் தண்டவாளமாக இரவெல்லாம் தேடினார். நினைவில் நின்ற தண்ணீர்த் தொட்டி 2011-இல் புர்ஹான்பூர் நிலையத்தருகே தெரிந்தது. அங்கிருந்து தண்டவாளத்தைத் தொடர்ந்தபோது கண்ட்வா தெரிந்தது; அதுதான் அவருடைய ஊர். 2012-இல் தாயைச் சந்தித்தார். மகன் திரும்புவான் என்று அந்தத் தாய் ஊரைவிட்டே போகவில்லை. எத்தனை பெரிய மனசு!

காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே பிள்ளையைக் காணவில்லை என்றால் ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112-ஐ உடனே அழையுங்கள்.

குன்றாண்டார்கோவில் வட்டாரப் பெற்றோரே, சாருவைப் போல ஊர்ப்பெயர் சொல்லத் தெரியாமல் தவிக்காதபடி, ‘குன்றாண்டார்கோவில், குளத்தூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்’ என்று உங்கள் பிள்ளை முழுதாகச் சொல்ல இன்றே பழக்குங்கள்.