புதுமனை புகுமுன்

புது வீடு கட்டியவுடன் பங்குக் குருவை அழைத்து மந்திரிப்பது நம் குடும்பங்களின் நல்வழக்கம். ஆயினும் அவ்வீட்டின் நன்மையும் தீமையும் மந்திரிப்பு நாளில் அல்ல, முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. அந்த நாளைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

தஞ்சையைச் சுற்றி வயல்கள் பல இன்று 'நகர்'களாகிவிட்டன. கட்டி முடித்த வீட்டை அப்படியே வாங்குவோரும் பெருகிவிட்டனர். வளைகுடா நாட்டில் சிந்திய வியர்வை, மனைவியின் நகை, இருபது ஆண்டு வங்கிக் கடன் ஆகிய மூன்றும் சேர்ந்தே பல வீடுகள் வாங்கப்படுகின்றன. ஆனால் முதன்முறை வாங்குவோர் சுவரின் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்க்கும் அளவுக்குப் பத்திரங்களைப் பார்ப்பதில்லை. "தெரிந்தவர்தானே, கேட்டால் தவறாக எண்ணுவாரே" என்று கூசுகின்றனர்.

இறைவாக்கினர் எரேமியா நிலம் வாங்கிய வரலாற்றை நினைவுகூர்வோம். விற்றவர் அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன். அப்படியிருந்தும் அவர் 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்தார். முத்திரையிட்ட படி, திறந்த படி இரண்டையும் மண்பாண்டத்தில் காக்கச் சொன்னார். ஆகவே ஆவணம் கேட்பது அவநம்பிக்கை அன்று. இரு தரப்பாரையும் காக்கும் நீதியே அது.

எனவே மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி, கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, நீங்களே அமர்த்தும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவாகாத உரிமைகள் வில்லங்கச் சான்றிதழில் தெரியமாட்டா. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அத்தகைய நிலத்தை அண்ணன் தம்பியர் மட்டும் விற்றிருந்தால், மணமாகிப் போன சகோதரியின் கையொப்பம் எங்கே என்று கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டின் கட்டட மனைத் தொழில் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்போர், அதற்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். இச்சட்டப்படி, ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தென்பட்டால், கட்டியவரே செலவின்றிச் சீர்செய்து தர வேண்டும். ஆனால் நம் ஊர்களில் ஒன்றிரண்டு வீடுகளாகக் கட்டி விற்போர் பலர் இந்தப் பதிவு வரம்புக்குள் வருவதில்லை. அங்கே இதே உறுதிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

அடுத்து மண்ணையும் நீரையும் கவனியுங்கள். டெல்டாவின் களிமண் மழையில் பருத்து, கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் அதற்கேற்ப அமையாவிட்டால் சுவர் வெடிக்கும். நஞ்சை நிலத்தில் எழுந்த நகரில் பழைய வடிகால் எங்கே போயிற்று என்று புல வரைபடத்தில் பாருங்கள். சித்திரையில் காய்ந்து கிடக்கும் தெருவைக் கண்டு ஏமாறாமல், ஐப்பசி அடைமழையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். மணல்மேல் கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குப் புதிதன்றே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனி வீட்டுக் கிரயத்திற்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்றுள்ளது. இந்தச் செலவுக்கு அஞ்சி, "பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோம்" என்பார்கள். பொதுநலனுக்குச் சேர வேண்டியதை மறைப்பது பாவம், அறிவீனமும்கூட. நாளை வழக்கு என்று வந்தால், எழுதாமல் கொடுத்த பணத்திற்குச் சாட்சி ஏது?

கணவனும் மனைவியும் சேர்ந்து படித்து, புரியாததைக் கேட்டு, மாதத் தவணை போக அடுப்பெரியவும் பிள்ளைகள் படிக்கவும் மிஞ்சுமா என்று கணக்கிட்டு, செபித்து முடிவெடுங்கள். அப்படி வாங்கிய வீடு சிறியதாயினும் அதில் அமைதியாக உறங்கலாம். அவ்வீட்டை மந்திரிக்க உங்கள் பங்குக் குருவும் மனமகிழ்ந்து வருவார்.