யந்திரத்தின் இணைப்பும் எண்ணெய்க் கசிவும்

இரவு நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் அடியில் காலையில் எண்ணெய் சொட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உடனே ஸ்பானரை எடுத்து, கசியும் இடத்திலுள்ள போல்ட்டுகளை இறுக்கத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் பெருங்கேட்டுக்குத் தொடக்கமாகிறது. ஏன் என்பதை ஆராய்வோம்.

யந்திரம் ஒரே வார்ப்பாக அமைந்ததன்று. பல பகுதிகளைச் சேர்த்துப் பூட்டியது. வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பையும் நுண்ணோக்கியால் பார்த்தால் மேடுகளும் பள்ளங்களும் தென்படும். இரு பரப்புகளுக்கிடையே இருந்து அவற்றை நிரப்புவது காஸ்கெட். பட்டறைகளில் இதைப் பாக்கிங் என்பார்கள். எண்ணெய் உறைகளுக்கு அழுத்தமான காகிதமே போதும். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையிலோ, எரியும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அங்கே காகிதம் நில்லாது; உலோகம் சேர்ந்த காஸ்கெட் வேண்டும்.

1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய அமைப்பில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் இரு பரப்புகளும் சற்றே நகர்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவது எது? இறுக்கிய போல்ட் மிகச் சிறிதளவு நீண்டு, சுருள்வில்போல் உள்ளே இழுக்கும் விசைதான். அளவுக்கு மீறி முறுக்கினால் அது நிரந்தரமாக நீண்டு, இழுக்கும் ஆற்றலை இழந்துவிடும். அல்லது அலுமினியத்திலுள்ள மரை உரிந்துபோகும். மத்தளத்தின் வார்களை ஒரு பக்கமாகவே இழுத்தால் தோல் சீராக நிற்குமா? உறையும் அப்படித்தான். எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

பழைய காஸ்கெட்டைச் சுரண்டுவது அலுப்பான வேலை. ஆனால் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. உளியால் அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் எண்ணெய்க்கு வாய்க்காலாகும். மரத்துண்டோ மழுங்கிய தகடோ போதும். மிகப் பழைய காஸ்கெட்டுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஆகையால் உலரச் சுரண்டாமல் ஈரமாக்கியே எடுக்கவேண்டும். காகிதத்தைத் தாமே வெட்டிக்கொள்வோர் எண்ணெய் செல்லும் சிறு துளைகளை மறந்துவிடலாகாது.

குழாயில் விற்கும் சிலிகோன் பசையைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் இப்பசை நல்ல பொருளே. ஆனால் தாராளமாகப் பூசினால், வெளியே பிதுங்குவதுபோலவே உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரியாது. அது பிய்ந்து எண்ணெய் வழியை அடைத்தால், கசிவை நிறுத்த முயன்றவரின் யந்திரம் எண்ணெயின்றித் தேய்ந்து இறுகிப்போகும். மெல்லிய பூச்சு போதும். காகிதக் காஸ்கெட் நன்றாக இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. சிலிண்டர் தலையில் இப்பசைக்கு வேலையே இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் கசிந்தால் குற்றம் காஸ்கெட்டினது அல்லாமலும் இருக்கலாம். 350 வகைப் புல்லட்டின் பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் 346 கன சென்டிமீட்டர் அளவு இடத்தைக் கீழே உள்ள காற்றிடமிருந்து பறிக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் இது ஒரு விநாடியில் 50 முறை நிகழ்கிறது. அந்தக் காற்று வெளியேறுவதற்கென ப்ரீதர் என்னும் சுவாசக் குழாய் உண்டு. அது அடைபட்டால் காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு எந்த இணைப்பிலும் வழி தேடும். ஆகவே உறையைக் கழற்றுமுன் அக்குழாயைச் சோதியுங்கள்.

பசை பூசியிருந்தால், அதன் குழாயில் குறித்துள்ள நேரம், பொதுவாக ஒரு நாள், காத்திருந்த பிறகே எண்ணெய் ஊற்றவேண்டும். பிறகு யந்திரத்தைச் சற்று ஓட்டி, ஆறவிட்டு, அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து இரவு முழுதும் நிறுத்திப் பாருங்கள். கறை விழுந்திருந்தால், எந்த இணைப்புக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்பதோடு, அதற்கு மேலுள்ள இணைப்புகளிலிருந்து வழிந்து வந்ததா என்பதையும் நோக்கவேண்டும். எண்ணெய் புறப்பட்ட இடத்திலேயே சொட்டுவது அரிது.