இலியோஸ்டமிக்குப் பிறகு தீராத களைப்பு: தண்ணீர் குடித்தும் உடம்பு ஏன் தெளிவதில்லை?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்க வேண்டும். அதன்பிறகு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஓ.டி. வந்தால் இன்னும் நீளும். குடல் அறுவை சிகிச்சை முடிந்து, வயிற்றில் பையுடன் இந்த வேலைக்குத் திரும்புகிறவருக்குப் பையை மாற்றுவது சில வாரங்களில் கைப்பழக்கமாகிவிடும். மாதக்கணக்கில் விடாமல் துரத்துவது களைப்புதான்.

"புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன அசதி?" என்று வீட்டிலும் கேட்பார்கள், வேலையிடத்திலும் கேட்பார்கள். "நல்லா தண்ணி குடி, சரியாயிடும்" என்பது அடுத்து வரும் அறிவுரை. இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. ஆனால் இரண்டாவது, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

இலியோஸ்டமி என்றால் என்ன?

சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு இலியம் என்று பெயர். அதன் ஒரு முனையையோ மடிப்பையோ வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைப்பதுதான் இலியோஸ்டமி. அந்தத் திறப்பு ஸ்டோமா. மலம் ஆசனவாய்க்குப் போகாமல், ஸ்டோமாவின் மேல் ஒட்டப்பட்ட பையில் சேரும்.

மலக்குடல் புற்றுநோய், பெருங்குடல் அழற்சி, கிரோன் நோய் போன்றவற்றுக்கு இது செய்யப்படுகிறது. டைபாய்டு அல்லது காசநோயால் சிறுகுடல் ஓட்டையாகி, அவசரமாகச் செய்யப்படும் இலியோஸ்டமிகளும் நம் நாட்டில் நிறைய. சிலருக்கு இது தற்காலிகம். சில மாதங்களில் குடலை மீண்டும் இணைத்துவிடுவார்கள். பெருங்குடல் முழுவதும் அகற்றப்பட்ட பலருக்கு நிரந்தரம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

பெருங்குடலின் முக்கிய வேலை, உணவுக்கழிவில் மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தருவது. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இப்படித் திரும்பக் கிடைக்கிறது. இலியோஸ்டமியில் இந்தக் கடைசி வடிகட்டல் இல்லை. உடம்பு பழகிய பிறகும் பையில் தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சேரும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை அதிக வெளியேற்றம் என்பார்கள்.

இதில் போவது வெறும் தண்ணீர் அல்ல. ஒரு லிட்டர் கழிவோடு சுமார் ஒரு தேக்கரண்டி உப்பும் போய்விடுகிறது. அதோடு மே மாத வெயிலும், ஷெட்டின் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வையில் போகும் உப்பு தனிக்கணக்கு.

உப்பு குறைந்தால் ரத்த ஓட்டத்தில் நீர் நிற்காது. எழுந்தால் தலைசுற்றல், கெண்டைக்காலில் சுளுக்கு, மதியத்துக்கு மேல் கைகால் ஓய்ந்துபோதல், எதிலும் கவனம் நிற்காத நிலை எல்லாம் வரும். இலியோஸ்டமி செய்துகொண்டவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று இந்த நீரிழப்புதான்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் 'நார்மல்' என்று வந்துவிடலாம். சிறுநீரகம் கிடைத்த உப்பையெல்லாம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால் அப்படி. அப்போது உண்மையைக் காட்டுவது சிறுநீர். அதில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடம்பில் உப்பு வறண்டிருக்கிறது என்று பொருள். 'ரிப்போர்ட் நார்மல்' என்று அனுப்பப்பட்டவர் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

வெளியேற்றம் அதிகமாக இருக்கும்போது உப்பில்லாத தண்ணீரை நிறையக் குடித்தால், குடல் சுவரிலிருந்து உப்பு அந்தத் தண்ணீருக்குள் கசியும். பிறகு இரண்டும் சேர்ந்து பைக்குப் போகும். குடிக்கக் குடிக்கப் பை நிறையும், தாகமும் தீராது. டீயும் காபியும் இதே வகைதான். இனிப்பான குளிர்பானம் இன்னொரு விதத்தில் கெடுக்கும். அதிலுள்ள சர்க்கரை, தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, தண்ணீர் பின்னால் போகிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலின் சூட்சுமம் இவ்வளவுதான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதியில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய அளவில் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பொட்டலம், பையுடன் வாழ்கிறவருக்கும் அவ்வளவு அவசியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். வெளியேற்றம் மிக அதிகமானவர்களுக்கு இதைவிட உப்பு கூடிய கரைசலை மருத்துவர் பரிந்துரைப்பார். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்ட இனிப்புப் பான அட்டைப்பெட்டிகள் மருந்துக்கடைகளிலேயே விற்கப்பட்டுவந்தன. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அத்தகைய பானங்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வீட்டில் இருப்பதும் உதவும். உப்புப் போட்ட மோர், உப்பிட்ட அரிசிக் கஞ்சி இரண்டும் நல்லவை. சோறு, வாழைப்பழம் போன்றவை கழிவைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, ஆனால் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

உப்பு சரியானபிறகும் அசதி இருந்தால்?

அடுத்துப் பார்க்க வேண்டியவை ரத்தசோகை, பி12, மெக்னீசியம். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது இலியத்தின் கடைசிப் பகுதியில். அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருந்தால் மாத்திரை போதாமல் ஊசியாகப் போட வேண்டிவரலாம். உடம்பில் இருப்பு உள்ளவரை குறைபாடு வெளியே தெரியாது, ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் காட்டும். அறுவை சிகிச்சை நடந்ததையே மறந்துவிட்ட நேரம் அது. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் முழுசாகவே பையில் வந்து விழுவதும் உண்டு. அப்படிப் பார்த்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், வேறு வடிவில் தருவார்.

தூக்கமும் ஒரு காரணம். பையைக் காலி செய்ய இரவில் எழ வேண்டும். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் சிலர் அரைத்தூக்கமே தூங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. இதுபோல் பலர் சேர்ந்து தங்கும் இடங்களில் இந்தப் பயம் இன்னும் கூடும். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, படுக்கும் முன் பையைக் காலி செய்வது பலருக்கு உதவுகிறது.

லைனில் நிற்கும்போது

பையை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். ஒரு ஷிப்டில் இரண்டு மூன்று முறையாவது எழ வேண்டியிருக்கும். ரிலீவர் வந்து நின்றால்தான் லைனை விட்டு நகர முடியும் என்ற இடத்தில், தொழிலாளி தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறார்: குடிப்பதையும் சாப்பிடுவதையும் குறைத்துவிடுகிறார். வெளியே பார்த்தால் அது சமாளிப்பு. உண்மையில் களைப்பின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு வழி, மருத்துவரிடம் எழுத்தில் வாங்குவது. 'லேசான வேலை தரவும்' என்ற பொதுவான வரி எந்த சூப்பர்வைசருக்கும் உதவாது. உட்கார்ந்து செய்யும் ஸ்டேஷன், தேவைப்படும்போது கழிப்பறை அனுமதி, குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இத்தனை வாரங்களுக்கு இரவு ஷிப்ட் வேண்டாம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். எடை தூக்குவதைத் தவிர்ப்பது களைப்புக்காக மட்டுமல்ல, ஸ்டோமாவின் பக்கத்தில் குடலிறக்கம் வராமல் இருக்கவும்தான்.

தலைசுற்றலோடு சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போனாலோ, பை வழக்கத்தைவிட வேகமாக நிறைந்துகொண்டே இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாறாக, பல மணி நேரம் பையில் ஒன்றுமே வராமல் வயிற்றுவலியும் வாந்தியும் இருந்தால் அது அடைப்பாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

விடுப்பு கிடைக்குமா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. வட்டத்துக்குள் வருகிறார்கள். பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உட்படப் பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 சதவீதமாகவும் அதிக காலத்துக்கும் நீட்டிக்கப்படும். எனவே இலியோஸ்டமி எந்த நோயால் செய்யப்பட்டது என்பது சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் 'அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பலவீனம்' என்று எழுதி வாங்கினால் நீட்டிப்பு கைநழுவலாம்.

அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்திருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தாது. இந்தப் பகுதி ஆலைகளில் இளைஞர்கள் பலர் அந்த வகையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதை எச்.ஆர். பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.