தாங்குசுவரும் நீர்ப்போக்கும்

மலைச்சரிவை வெட்டி இல்லம் அமைப்போர், பின்புறத்து மண்ணைத் தடுக்கத் தாங்குசுவர் எழுப்புவர். அச்சுவரை வீழ்த்துவது பெரும்பாலும் மண்ணன்று. மண்ணிடைத் தேங்கிய நீரேயாம். 2 மீட்டர் உயரம் நீர் நிற்குமாயின், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்நீர் மட்டுமே 2 டன் அளவு தள்ளும். நீரேறிய மலைமண்ணின் கொடுமைக்கு, 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மாண்ட மண்சரிவுகளே சான்று.

ஆதலின் சுவரின் பின்னே சரளைக்கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயைச் சற்றே சாய்வாகப் பதித்து, சுவரிலும் துளைகள் விடல் வேண்டும். நுண்மண் அடையாவண்ணம், நீர் மட்டும் கசியும் துணியாற் சரளையைப் போர்த்துக.

எனினும் துளைவழி வரும் நீர் வீட்டின் கடைக்காலை அடையுமன்றோ? சுவர் நின்று வீடு அமிழ்வதாற் பயன் என்னை? எனவே சுவரடியில் வாய்க்கால் வகுத்து, வீட்டைச் சுற்றி, கீழ்மனையார்க்கும் தீங்கின்றி நீரைப் போக்குக. முதற்கல் இடுமுன்னரே அந்நீர் சேருமிடத்தைத் தேர்தல் அறிவுடைமையாம்.