டிக், டிக்... கார் ஸ்ராட் வரவில்லையா?

ரொறன்ரோவின் ஜனவரிக் குளிரில் விடிய வேலைக்கு வெளிக்கிடும் எங்களுக்குத் தெரிந்த சத்தம்தான் இது. திறப்பைத் திருப்பினால் 'டிக், டிக்' என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை. தொழிற்சாலையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஷிப்ட் தவறினால் அன்றைய சம்பளம் போச்சு. ஆனாலும் உடனே கராஜுக்குக் காசை அள்ளிக் கொடுக்காமல் முதலில் சத்தத்தைக் கவனிப்போம்.

'டிக் டிக்' என்று விரைவாக அடித்து லைற்றும் மங்கினால், பெரும்பாலும் பற்றறி இறங்கியிருக்கும். முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ற் அளவு காட்டும். குளிரில் அதன் வலு குறையும். ஒரேயொரு 'டக்' கேட்டு லைற் மங்காமல் எரிந்தால் ஸ்ராட்டரில் பிழை இருக்கலாம்.

பற்றறி முனையில் வெள்ளை, பச்சைத் தூள் படிந்தாலும் இதே கதைதான். 'மைனஸ்' வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடாத் தண்ணீரால் துடைத்து, அதையே கடைசியாகப் பூட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கரண்ட் எடுப்பதானால் வரிசை முக்கியம். சிவப்பு வயர் முதலில் எங்கள் 'பிளஸ்'ஸில், பிறகு அவருடைய 'பிளஸ்'ஸில். கறுப்பு வயர் அவருடைய 'மைனஸ்'ஸில். அதன் மறுமுனை பற்றறியில் அல்ல, எங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில். பற்றறியிலிருந்து வரும் ஐதரசன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

நாலைந்து வருடம் பாவித்த பற்றறியா? பனி கொட்டமுன் சோதித்துப் பாருங்கள்.